மூச்சை அளந்து மருந்து தாருங்கள்

கடலூர் மாவட்டத்தின் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும், ஐம்பதைத் தாண்டிய இருவர் பேசிக்கொள்ளும்போது ‘சுகர் எவ்வளவு இருக்கு?’ என்ற கேள்வி வராமல் போகாது. வெறும் வயிற்றில் இவ்வளவு, சாப்பிட்ட பிறகு இவ்வளவு என்று எண்களை ஒப்பிப்பார்கள். ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் பலருக்கு மனப்பாடம். தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை மக்கள் மனத்தில் விதைத்த பெரிய மாற்றம் இது. ஆனால், அதே கடைக்கு நாலு எட்டு நடந்து வருவதற்குள் நெஞ்சு இரைக்கும் ஒருவரிடம் ‘மூச்சு எவ்வளவு இருக்கு?’ என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல அவரிடம் எண் கிடையாது. அவரிடம் இருப்பது ‘இளைப்பு’ என்ற ஒரு சொல் மட்டும்தான். முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைக்கிறார்கள். விசில் அடிப்பதுபோல் சத்தம் கேட்கிறது. ஓர் ஊசி, மூன்று நாளுக்கு மாத்திரை, முடிந்தால் ஒரு முறை நெபுலைசர். அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் அதே ஊசி. சர்க்கரையை அளக்காமல் இன்சுலின் போட இன்று எந்த மருத்துவரும் துணியமாட்டார். மூச்சை அளக்காமல் ஆண்டுக்கணக்கில் மருந்து தருவதை மட்டும் இயல்பென்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம். இந்த வழக்கம் மாற வேண்டும். அதற்கு முதலில் தயாராக வேண்டிய மாவட்டங்களில் கடலூரும் ஒன்று.

‘இளைப்பு’ என்ற சொல்லுக்குள் குறைந்தது இரண்டு நோய்கள் குடியிருக்கின்றன. ஆஸ்துமாவில், தூசு, குளிர்காற்று, மகரந்தம் என ஏதோ ஒன்று தூண்டும்போது மூச்சுக்குழாயின் சுவர் வீங்கிச் சுருங்குகிறது. மருந்து பட்டதும் பெரும்பாலும் திறந்துகொள்கிறது. பலருக்குச் சிறு வயதிலேயே தொடங்கும், வரும், போகும். சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயின் போக்கு வேறு. புகையும் தூசும் பல்லாண்டுகள் அரித்ததில் சிறு குழாய்கள் தழும்பேறிக் குறுகுகின்றன. காற்றுப்பைகளின் மெல்லிய சுவர்கள் சிதைகின்றன. அடைப்பு முழுமையாகத் திறப்பதே இல்லை. பாடப்புத்தகத்தில் இவை இரண்டு அத்தியாயங்கள். நோயாளியின் நெஞ்சில் அப்படிக் கோடு கிழித்துப் பிரிந்து கிடப்பதில்லை. சிறுமியாக இருந்தபோது ஆஸ்துமா வந்த ஒரு பெண், திருமணமான பின் முப்பது ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்திருந்தால், அறுபது வயதில் அவருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்று நெதர்லாந்தின் குரோனிங்கன் நகர மருத்துவர் ஓரியும் அவருடைய குழுவினரும் 1961-லேயே வாதிட்டார்கள். ஆஸ்துமாவுக்கும் சிஓபிடிக்கும் தனித்தனியாக வழிகாட்டு நெறிகள் வகுக்கும் இரு உலக அமைப்புகள் 2014-ல் கூட்டாக ஓர் ஆவணம் வெளியிட்டு, இந்தக் கலப்புக்கு ஒரு பெயர் வைத்தன. இது ஒரே நோய் அல்ல, பல காரணங்களின் கூட்டு என்பதால், 2017-ல் அந்தப் பெயரிலிருந்த ‘சின்ட்ரோம்’ என்ற சொல்லை நீக்கின. உலகின் தலைசிறந்த வல்லுநர்களுக்கே பெயர் வைப்பதில் இவ்வளவு தயக்கம் என்றால், நெரிசலான புறநோயாளிப் பிரிவில் இரண்டு நிமிடங்களில் காதால் கேட்டு எப்படித் தீர்மானிப்பது?

பெயர் எதுவானால் என்ன, இளைப்பு அடங்கினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மருந்தின் தேர்வு நோயின் பெயரைப் பொறுத்தது; தவறினால் அதற்கு உயிரே விலையாகலாம். நீண்ட நேரம் மூச்சுக்குழாயை விரித்து வைக்கும் சால்மெட்டரால் மருந்தை 26,000-க்கும் மேற்பட்ட ஆஸ்துமா நோயாளிகளிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு 2006-ல் வெளியானது. அந்த மருந்து சேர்க்கப்பட்டவர்களில் 13 பேர் ஆஸ்துமா தொடர்பான காரணங்களால் இறந்தார்கள். சேர்க்கப்படாதவர்களில் 3 பேர். ஆஸ்துமாவின் சாயல் இருந்தாலே ஸ்டீராய்டு இன்ஹேலர் இல்லாமல் விரிப்பான் மருந்தை மட்டும் தரக்கூடாது என்ற விதி உறுதிப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அப்படியானால் எல்லோருக்கும் ஸ்டீராய்டு கொடுத்துவிடலாமா? சிஓபிடி நோயாளிகள் 6,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ‘டார்ச்’ ஆய்வு 2007-ல் அதற்குப் பதில் சொன்னது. ஸ்டீராய்டும் விரிப்பானும் கலந்த இன்ஹேலர் எடுத்தவர்களில் 19.6 விழுக்காட்டினருக்கு மூன்று ஆண்டுகளில் நிமோனியா வந்தது. வெற்று மருந்து எடுத்தவர்களில் அது 12.3 விழுக்காடு. ஆக, ஒருவருக்கு ஸ்டீராய்டு இல்லாமல் போனால் ஆபத்து. இன்னொருவருக்குத் தேவையில்லாமல் கொடுத்தால் ஆபத்து. இரண்டும் கலந்தவருக்கு அது கட்டாயம் வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரையாகவே விழுங்குவோரின் எலும்பும் கண்ணும் சர்க்கரையும் படும் பாடு தனிக் கணக்கு. கனடாவில், மருத்துவரால் ஆஸ்துமா என்று சொல்லப்பட்ட 613 பேரை முறையாகச் சோதித்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு அப்போது ஆஸ்துமாவே இல்லை. அவர்களில் பலருக்குத் தொடக்கத்தில் மூச்சுச் சோதனையே செய்யப்பட்டிருக்கவில்லை. வசதிமிக்க நாட்டின் நிலையே இதுவென்றால் நம் ஊர் நிலையை யூகித்துக்கொள்ளலாம்.

இந்தியாவின் சுமை சிறியதல்ல. 2016-ல் நாட்டில் சுமார் 5.5 கோடிப் பேருக்கு சிஓபிடியும் 3.8 கோடிப் பேருக்கு ஆஸ்துமாவும் இருந்ததாக உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. உலக மக்கள்தொகையில் நம் பங்கு 18 விழுக்காடு. நாள்பட்ட சுவாச நோய்கள் மனித வாழ்நாளில் ஏற்படுத்தும் இழப்பில் நம் பங்கோ 32 விழுக்காடு. அதே ஆய்வு இன்னொரு செய்தியையும் சொன்னது: சிஓபிடி இழப்பில் பாதிக்கும் மேற்பட்டதற்குக் காற்று மாசு காரணம், புகையிலையின் பங்கு நான்கில் ஒன்றுதான். சிஓபிடி என்றாலே பீடி, சிகரெட் என்று எண்ணிப் பழகிய நமக்கு இது முக்கியமான திருத்தம். புகைக்காதவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இந்த நோய் கண்ணுக்குத் தெரியாமலே வளர்கிறது. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் 30 வயதைக் கடந்த, புகைப்பழக்கம் இல்லாத 900 பெண்களை ஆராய்ந்து 2011-ல் வெளியான ஆய்வு, அவர்களில் 2.44 விழுக்காட்டினருக்கு சிஓபிடி இருப்பதைக் கண்டது. நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நிற்பவர்களிடம் அது இன்னும் கூடுதல். இன்று தமிழ்நாட்டு வீடுகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் எரிவாயு போன்ற புகையில்லா எரிபொருளுக்கு மாறிவிட்டதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால், இன்று அறுபது வயதாகும் பெண்ணின் நுரையீரல், எரிவாயு வருவதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளின் புகையைச் சுமந்துகொண்டிருக்கிறது. சிலிண்டர் வந்த நாளில் அந்தத் தழும்பு மறைந்துவிடவில்லை.

இப்போது கடலூரைப் பாருங்கள். கடலூர் முதுநகரைக் கடந்து சிதம்பரம் சாலையில் போனால், உப்பனாற்றின் கரையில் சிப்காட் தொழிற்பேட்டை. குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம் மக்கள் பல பத்தாண்டுகளாக அதன் வாடையோடு வாழ்கிறார்கள். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மாசு மதிப்பெண் போட்டபோது கடலூருக்கு 77.45 கிடைத்தது. 70-ஐத் தாண்டினால் ‘மிக மோசமாக மாசடைந்த பகுதி’ என்று பொருள். மேற்கே திரும்பினால், 1956-ல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிறுவனத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி வறுக்கும் புகையும், ஓடு எரிக்கும் புகையும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலின் மண்தூசு. இடையிடையே செங்கல் சூளை, அரிசி ஆலை, அறுவடைக்குப் பின் எரியும் கரும்புத் தோகை. இவற்றோடு, காசநோய் குணமாகியும் நுரையீரலில் வடு தங்கிவிட்டவர்கள். அந்த வடுவே பிற்காலத்தில் மூச்சடைப்புக்கு வழிவகுக்கும். ஒரே ஆள் இளமையில் ஆஸ்துமாக்காரராகவும், நடுவயதில் சூளைத் தொழிலாளியாகவும், இடையில் ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டவராகவும் இருப்பது இங்கே அரிதான கதையல்ல. ஒரு நோய்க்கு ஒரு காரணம் என்ற நேர்க்கோட்டுக் கணக்கு இந்த மண்ணில் எடுபடாது. கலந்து கிடக்கும் நோயைத்தான் இங்கே முதலில் எதிர்பார்க்க வேண்டும்.

கலந்து கிடப்பதை எப்படிப் பிரிப்பது? அடிப்படைச் சோதனை ஸ்பைரோமெட்ரி. 1846-ல் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் அறிமுகப்படுத்தியது. வயதில் எக்ஸ்ரேவுக்கு மூத்தது. நோயாளி நிமிர்ந்து உட்கார்கிறார். மூக்கில் கிளிப் மாட்டுகிறார்கள். அட்டைக்குழலை உதட்டால் காற்றுப் புகாமல் கவ்வுகிறார். ‘நல்லா இழுங்க, இன்னும், இன்னும்… இப்ப ஊதுங்க! விடாதீங்க, ஊதுங்க, ஊதுங்க…’ என்று பக்கத்தில் நிற்கும் பணியாளர் விடாமல் ஊக்குவிக்கிறார். குறைந்தது ஆறு நொடி, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றும்வரை ஊத வேண்டும். மூன்று ஊதல்களாவது சரியாக அமைந்து, அவற்றில் சிறந்த இரண்டு ஒத்துவர வேண்டும். பிறகு நாலு முறை சால்பியூட்டமால் என்ற விரிப்பான் மருந்தை உறிஞ்சவைத்து, பதினைந்து நிமிடம் உட்காரவைத்து, மறுபடியும் ஊதச் சொல்கிறார்கள். பார்க்கப்படுவது எளிய விகிதம்: வெளியே வந்த மொத்தக் காற்றில் முதல் நொடியில் வந்தது எவ்வளவு? ஒருவர் மொத்தம் இரண்டரை லிட்டர் ஊதி, முதல் நொடியில் 1.2 லிட்டர்தான் வந்தது என்று வையுங்கள், விகிதம் 0.48. மருந்துக்குப் பின் மொத்தம் 2.6, முதல் நொடியில் 1.5 லிட்டர். 300 மில்லி கூடியிருக்கிறது. நான்கில் ஒரு பங்கு ஏற்றம். 12 விழுக்காடும் 200 மில்லியும் கூடினாலே குழாய் மருந்துக்குத் திறக்கிறது என்று பொருள். ஆனால், விகிதம் இன்னும் 0.58, சிஓபிடிக்கான எல்லைக்கோடு 0.70. அதாவது, திறக்கும் அடைப்பும் திறக்காத அடைப்பும் ஒருங்கே இருக்கின்றன. இருபத்தைந்து நிமிட வேலையில், ஒரு தாளில், கலப்பின் முதல் தடயம் கிடைத்துவிட்டது. காதில் கேட்கும் விசிலால் இதைச் சொல்ல முடியாது.

முதல் தடயத்தோடு நிற்காமல் அடுத்த படிக்குப் போக உதவுவது, மூச்சில் கலந்து வரும் நைட்ரிக் ஆக்சைடை அளக்கும் சோதனை. மனிதர் வெளிவிடும் மூச்சில் இந்த வாயு இருப்பதை 1991-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். ஆஸ்துமா நோயாளிகளிடம் அது மிகுந்திருப்பது 1993-ல் தெரிந்தது. ஒவ்வாமை வகை அழற்சியில் மூச்சுக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் இதைக் கூடுதலாகச் சுரக்கின்றன. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தால் அளவு இறங்குகிறது. ஆகவே, இந்த எண்ணிலிருந்து ‘இவருக்கு ஸ்டீராய்டு வேலை செய்யுமா?’ என்ற கேள்விக்கு ஒரு விடை கிடைக்கிறது. இங்கே மூச்சைக் கொட்டி ஊத வேண்டியதில்லை. நொடிக்கு 50 மில்லி என்ற சீரான வேகத்தில், பெரியவர்கள் பத்து நொடி மெல்ல விட்டால் போதும். பெரியவர்களிடம் நூறு கோடிக்கு 25 பங்குக்குக் கீழே இருந்தால் அந்த வகை அழற்சிக்கு வாய்ப்புக் குறைவு, 50-க்கு மேலே போனால் அதிகம் என்று அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் 2011-ல் வரையறுத்தது. ஆஸ்துமா என்று ஐயப்படும் பெரியவருக்கு இது 50-ஐத் தொட்டாலே நோயை உறுதிப்படுத்தலாம் என்று பிரிட்டனின் 2024-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. தனி சிஓபிடியில் இது பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். திறக்காத அடைப்பு உள்ள ஒருவரிடம் இந்த எண் உயர்ந்து நின்றால், அடியில் ஆஸ்துமாவும் ஒளிந்திருக்கிறது என்ற ஐயம் வலுக்கிறது. ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்துவதற்கு முன் மருத்துவர் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க அது போதும்.

பிரிட்டனின் நெறிமுறை இன்னொரு வழியும் தருகிறது: ரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் வழக்கத்துக்கு மேல் இருந்தாலும் ஆஸ்துமாவை உறுதிசெய்யலாம். ரத்தச் சோதனை மலிவு, எங்கும் கிடைக்கும். அதை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால், நம் மண்ணின் வரலாறு இங்கே குறுக்கே நிற்கிறது. ‘ஈசினோபீலியா’ என்ற சொல் தமிழ்க் குடும்பங்களில் புழங்குவதற்குக் காரணம் உண்டு. ரத்தத்தில் ஈசினோபில் ஏராளமாகக் கூடி, காசநோய்போல் இருமலும் இளைப்பும் தரும் ஒரு நிலையை 1940-ல் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையின் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதற்குக் காரணம் யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழுக்கள் என்பது பின்னர் தெளிவானது. கடலூர்க் கடற்கரைப் பகுதி, யானைக்கால் நோய் ஒழிப்புக்காக வீடு வீடாக மாத்திரை வழங்கப்பட்ட பகுதி. வயலில் வெறுங்காலோடு நிற்பவருக்குக் கொக்கிப்புழு இருந்தாலும் ஈசினோபில் ஏறும். ஆகவே, லண்டனில் ஆஸ்துமாவைச் சுட்டும் ரத்த எண், புவனகிரியில் குடற்புழுவையும் சுட்டலாம். நைட்ரிக் ஆக்சைடு மூச்சுக்குழாயிலிருந்தே வருவதால் அழற்சி நடக்கும் இடத்துக்கு அது நெருக்கமான சாட்சி. ரத்த எண்ணையும் மூச்சு எண்ணையும் சேர்த்து வாசிப்பதுதான் நமக்குப் பொருத்தம். வெளிநாட்டு நெறிமுறையை அப்படியே இறக்குமதி செய்யாமல், நம் நோயாளிகளிடம் இந்த எண்களுக்கு என்ன பொருள் என்று ஆராய வேண்டிய கடமையும் இதிலிருந்து பிறக்கிறது.

இந்தச் சோதனையை மந்திரக்கோலாக்கிவிடவும் கூடாது. மருத்துவர்கள் எழுப்பும் ஐயங்கள் நியாயமானவை. புகைப்பவரிடம் நைட்ரிக் ஆக்சைடு அளவு தாழ்ந்துவிடும். ஒவ்வாமைச் சளி உள்ளவரிடம் ஆஸ்துமா இல்லாமலே ஏறும். கீரை போன்ற நைட்ரேட் மிகுந்த உணவும் எண்ணை மாற்றும். ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவரிடம் நோய் இருந்தும் மறையும். 25-க்கும் 50-க்கும் இடையே விழும் எண் எந்தப் பக்கமும் சாயாது. ஆஸ்துமா, சிஓபிடி, கலப்பு என்ற மூன்றையும் ஒரே ஊதலில் கூறுபோடும் எல்லைக்கோடு எதுவும் இன்றுவரை வகுக்கப்படவில்லை. மூச்சிலுள்ள நூற்றுக்கணக்கான ஆவிப்பொருள்களை மொத்தமாக மோந்து பார்க்கும் ‘மின்னணு மூக்கு’ ஆஸ்துமாவையும் சிஓபிடியையும் பிரித்தறிந்ததாக 2009-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மூச்சில் இத்தனை வேதிப்பொருள்கள் உண்டு என்று லைனஸ் பாலிங் 1971-ல் காட்டியதன் தொடர்ச்சி அது. ஆனால் அது இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி அன்றாட மருத்துவத்துக்கு வந்து சேரவில்லை. இவ்வளவு குறைகளையும் ஒப்புக்கொண்ட பிறகும் வாதம் நிற்கிறது. ஈசிஜி ஒன்றை மட்டும் வைத்து மாரடைப்பைத் தீர்மானிப்பதில்லை என்பதால் ஈசிஜியை யாரும் வேண்டாம் என்பதில்லை. நோயாளியின் வாழ்க்கை வரலாறு, மருந்துக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி, தேவைப்பட்டால் நைட்ரிக் ஆக்சைடு, ரத்த ஈசினோபில், எக்ஸ்ரே, சளிச் சோதனை என்று அடுக்கிப் பார்க்கும்போது, தனித்தனியாகப் பலவீனமான சாட்சிகள் சேர்ந்து ஒரு தீர்ப்பைத் தருகின்றன. இன்று நம்மிடம் சாட்சிகளே இல்லாமல் தீர்ப்பு எழுதப்படுகிறது.

அடுத்த மறுப்பு நடைமுறை சார்ந்தது. காலையில் நூற்றைம்பது பேர் வரிசையில் நிற்கும்போது ஒருவருக்கு இருபத்தைந்து நிமிடம் எப்படி ஒதுக்குவது? அனுபவமுள்ள மருத்துவருக்குப் பார்த்தாலே தெரியாதா? கருவி வாங்கிக் கொடுத்தால் மூலையில் தூசு படியத்தானே போகிறது? இவற்றில் கடைசி அச்சம் உண்மையானது. கருவியோடு ஆளையும் தரவேண்டும் என்பதே அதற்குப் பதில். ஊதவைப்பது ஒரு கைத்தொழில். சரியாக ஊதாத தாள் வெற்றுத்தாளைவிட மோசம். மூன்று லிட்டர் சிரிஞ்சால் கருவியை நாள்தோறும் சரிபார்க்கத் தெரிந்த, நோயாளியைத் தட்டிக்கொடுத்து ஊதவைக்கத் தெரிந்த பணியாளர் ஒருவர் இருந்தால், மருத்துவரின் நேரம் செலவாவதில்லை. எல்லோரையும் ஊதவைக்க வேண்டியதும் இல்லை. அறிகுறியே இல்லாதவர்களுக்கு சிஓபிடி சோதனை வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புக் குழு 2022-ல் மீண்டும் அறிவுறுத்தியது. இருமல், இளைப்பு, நெஞ்சில் விசில் உள்ளவர்களைத் தேடிச் சோதித்தால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. கனடாவில் 38,000-க்கும் மேற்பட்டோரிடம் கேட்டறிந்து, தமக்கே தெரியாமல் ஆஸ்துமாவோ சிஓபிடியோ இருந்த 595 பேரைக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் 508 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். நுரையீரல் நிபுணரின் வழிகாட்டலில் சிகிச்சை பெற்றவர்கள் மூச்சுக்கோளாறுக்காக மருத்துவரைத் தேடிப்போனது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடப் பாதியாகக் குறைந்தது என்று 2024-ல் அந்த ஆய்வு வெளியானது. வரிசை நீளமாக இருப்பதற்கு ஒரு காரணமே, ஒரே ஆள் மறுபடி மறுபடி அதே இளைப்புக்கு வந்து நிற்பதுதான்.

காசநோய் மிகுந்த நாட்டில் ஒரே குழலில் பலர் ஊதினால் தொற்றாதா என்ற கேள்வியும் உண்டு. தொற்றும், கவனமில்லாமல் செய்தால். ஆளுக்கொரு வடிகட்டியும் வாய்க்குழலும், காற்றோட்டமான அறையும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவருக்கு முதலில் சளிச் சோதனையும் என்ற மூன்று ஒழுங்குகள் இதற்குப் போதும். இந்த வரிசை இன்னொரு நன்மையும் செய்யும். சளிச் சோதனையில் காசநோய் இல்லை என்று வந்ததும் ‘ஒன்றும் இல்லை, போய் வாருங்கள்’ என்று அனுப்பப்படுபவர் அடுத்த அறைக்குப் போய் ஊதிப் பார்ப்பார். காசநோய் மருந்து முடித்தவரும், மிச்சமிருக்கும் மூச்சு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வீடு திரும்புவார்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு, சுற்றுச்சூழலுக்காகப் போராடுபவர்களிடமிருந்து வரக்கூடியது. காற்றைக் கெடுப்பவர்களை விட்டுவிட்டு, கெட்டுப்போன நுரையீரலை அளந்துகொண்டிருப்பதால் என்ன பயன்? பழியை ஆலையிலிருந்து நோயாளியின் நெஞ்சுக்கு மாற்றும் வேலையல்லவா இது? இந்தக் கோபத்துக்கு மதிப்புக் கொடுத்தே பதில் சொல்ல வேண்டும். காற்றைச் சுத்தமாக்குவதற்கு மாற்று எதுவும் கிடையாது. ஆனால், கடலூரின் சொந்த வரலாறே அளவையின் வலிமையைக் காட்டுகிறது. 2004-ல் சிப்காட் பகுதிக் கிராமத்தார் தாங்களே கண்காணிப்புக் குழு அமைத்து, பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதுவரை ‘நாற்றம்’ என்று ஒதுக்கப்பட்ட புகார், வேதிப்பொருள்களின் பெயரோடும் அளவோடும் பேசத் தொடங்கியது. காற்றை அளந்தவர்கள் அடுத்ததாக மூச்சையும் அளக்க வேண்டும். உறுத்தும் வாயுவை ஒரே முறை மிகுதியாகச் சுவாசித்தவருக்கும் அதன்பின் ஆஸ்துமா போன்ற நிலை நீடிக்கலாம் என்பதை அமெரிக்க மருத்துவர் புரூக்ஸ் 1985-லேயே விளக்கினார். 2025 மே மாதம் குடிகாட்டில் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து ஊருக்குள் பாய்ந்தபோது, மூச்சுத்திணறலும் கண்ணெரிச்சலுமாக மக்கள் மருத்துவமனைக்கு ஓடினார்கள். அப்படிப்பட்ட நாளுக்கு முன்பு ஒருவரின் மூச்சு எவ்வளவு, ஆறு மாதம் கழித்து எவ்வளவு என்று இரண்டு தாள்கள் இருந்தால், ‘இது உங்களுக்கு முன்பே இருந்த இளைப்பு’ என்று எவரும் தட்டிக்கழிக்க முடியாது. அளவு இல்லாத இடத்தில்தான் பழி நோயாளியின் தலையில் விழுகிறது.

செய்ய வேண்டியது புதிய கட்டடம் எழுப்புவதல்ல. இருக்கும் கண்ணிகளைக் கோப்பது. மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி சிதம்பரத்தில், அண்ணாமலைநகரில் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, 2021-ல் மாநில மக்கள் நல்வாழ்வுத் துறையின் கைக்கு வந்தது. அரசுத் தலைமை மருத்துவமனையோ சுமார் 45 கிலோமீட்டர் தள்ளிக் கடலூரில் இருக்கிறது. சிப்காட் அதன் அருகில். இந்த இரட்டைத்தன்மையைக் குறையாகப் பார்க்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம். நைட்ரிக் ஆக்சைடு சோதனையும் நிபுணர் ஆலோசனையும் இந்த இரண்டு இடங்களில் போதும். வட்டார அளவிலான மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஸ்பைரோமெட்ரியும் பயிற்சி பெற்ற ஒரு பணியாளரும் வேண்டும். கீழே, 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஏற்கெனவே ரத்த அழுத்தக் கருவியோடும் சர்க்கரைக் கருவியோடும் வீட்டு வாசலுக்குப் போகிறது. அந்தப் பையில், ஊதும் வேகத்தை அளக்கும் ஒரு பீக் ஃப்ளோ மீட்டரையும், அந்தப் படிவத்தில் மூச்சு பற்றிய நான்கைந்து கேள்விகளையும் சேர்ப்பது பெரிய செலவல்ல. ஆரம்ப நிலைச் சிகிச்சைக்கான உலக சுகாதார நிறுவனத்தின் தொகுப்பில் அந்தக் கருவி ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றிய அரசின் தொற்றா நோய்த் திட்டமும் 2023-ல் திருத்தப்பட்டபோது சிஓபிடியையும் ஆஸ்துமாவையும் சேர்த்துக்கொண்டது. கொள்கை தயாராக இருக்கிறது. சோதனை சொன்ன மருந்து கிடைக்காவிட்டால் சோதனை கொடுமையாகிவிடும். ஆகவே ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர்கள் மாதந்தோறும் தடையின்றிக் கிடைப்பதை, 1994-ல் தொடங்கி நாட்டுக்கே முன்மாதிரியான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உறுதிசெய்ய வேண்டும். ‘பம்ப் அடித்தால் பழகிவிடும்’ என்ற பயத்தைப் போக்க, அதைச் சரியாக உறிஞ்சக் கற்றுக்கொடுப்பதும் அதே பணியாளரின் வேலையாகட்டும்.

சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், நெய்வேலி, பண்ருட்டி, விருத்தாசலம் பகுதித் தொழிலாளர்களிடமும் இதைத் தொடங்கலாம். ஒப்பந்தத் தொழிலாளர்களை விட்டுவிடக் கூடாது. அதிகப் புகை அவர்கள் பங்குக்குத்தான் வருகிறது. அறிகுறி உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கொரு முறை ஸ்பைரோமெட்ரி. முடிவு நோயாளியின் கையில் ஒரு தாளாக. பெயர் நீக்கிய மொத்தக் கணக்கு ஊர்வாரியாக மக்கள் பார்வைக்கு. மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வுக்களம் வேறு கிடைக்காது. புழுவும் புகையும் காசநோய் வடுவும் கலந்த நம் நுரையீரலில் நைட்ரிக் ஆக்சைடின் எண் எதைக் குறிக்கிறது என்ற கேள்விக்கு லண்டனிலிருந்தோ ஸ்டாக்ஹோமிலிருந்தோ விடை வராது, அண்ணாமலைநகரிலிருந்து வரலாம். விறகடுப்பில் வாழ்வைக் கழித்த குறிஞ்சிப்பாடிப் பாட்டி ஒருவர், முதல் நொடியில் தனக்கு ஒன்றேகால் லிட்டர் வருகிறது, மருந்து எடுத்தால் ஒன்றரை ஆகிறது என்று அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லும் நாள் வர வேண்டும். அந்த எண்ணை வைத்து அவருக்கு எந்த இன்ஹேலர் என்று மருத்துவர் முடிவெடுப்பார். அப்படிப்பட்ட நூறு தாள்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், அந்த ஊரின் காற்றுக்கு யார் பொறுப்பு என்று மாவட்ட நிர்வாகமும் கேட்டாக வேண்டியிருக்கும்.